பத்தே காலுக்குக் குணமானவள்

எனக்கு நோய் குணமானது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு. ஊரில் எனக்கு மட்டும்தான் அது தெரியாது. அந்த நேரத்தில் நான் பதினேழாம் எண் பஸ்ஸை இரண்டாவது பாலத்தின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஏழாவது அக்குபஞ்சர் ஊசிக்காகத் தெற்குக்கரைச் சீன வைத்திய மருத்துவமனைக்குப் போனபோது, பதிவு ஜன்னலில் இருந்த பெண் என் அட்டையை இயந்திரத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மோ அக்கா, நீங்க நேத்தே குணமாயிட்டீங்க. வாழ்த்துகள்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"கம்ப்யூட்டர்ல இருக்குக்கா. பத்து பதினஞ்சு. அடுத்தவங்க வாங்க."

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கூச்சப்படுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே கிளம்பிப் போய்ச் சூலகத்திலும் குடல் ஓரத்திலும் குடியேறிவிடுகிறது. போன இடத்திலும் மாதாமாதம் இரத்தம் கசிகிறது. ஊசி மருத்துவர் டாக்டர் பான் சொன்ன விளக்கம்தான் எனக்குப் புரிந்தது. "வெளியூர்ல வந்து தங்கியிருக்கு, குடியிருப்புப் பதிவு கிடையாது. ஆனா சொந்த ஊர்த் திருவிழாவ மட்டும் விடாம கொண்டாடுது," என்றார். அந்தத் திருவிழா என் வயிற்றில் பதினோரு வருடமாக நடக்கிறது.

எங்கள் ஊரில் எந்த வலிக்கும் முதல் மருந்து வெந்நீர். பதினோரு வருடத்தில் நான் குடித்த வெந்நீரை ஆற்றில் விட்டிருந்தால் லியூச்சோ நகரமே பாதி முழுகியிருக்கும். இரண்டாவது மருந்து என் மாமியாருடையது. "ஒரு புள்ளையப் பெத்துட்டா எல்லாம் சரியாயிடும்." பிள்ளை ஏன் தங்கவில்லை என்பதற்கும் இதே நோய்தான் காரணம் என்று பெரிய மருத்துவமனையில் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதம் பிறந்தால் அடுப்படியிலிருந்து கேட்பார், "வந்துடுச்சா?" வந்துவிட்டது என்பேன். சட்டி மூடி ஓசையோடு விழும். பஸ் நிலையத்து மேற்பார்வையாளரும் ஃபோனில் அதையேதான் கேட்பார், "பதினேழு வந்துடுச்சா?" அவருக்கு வேண்டியது பஸ். அது வந்திருக்காது, ஏனென்றால் மற்றது வந்திருக்கும். நடுவழியில் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்துக் குனிந்து கிடப்பேன். பயணிகள் முதலில் பரிதாபப்படுவார்கள், ஐந்து நிமிடம் கழித்துப் புகார் எழுதுவார்கள். மூன்று புகார் சேர்ந்துவிட்டது. நான்காவது வந்தால் பஸ் கழுவுகிற இடத்துக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஓட்டத்தான் பிடிக்கும். கழுவப் பிடிக்காது.

பெரிய மருத்துவமனையில் ஒருமுறை கீறி எடுத்தார்கள். இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு அது மறுபடி குடிவந்தது. அதன்பிறகுதான் டாக்டர் பானிடம் போனேன். இரண்டாவது மாடி, நான்காம் அறை. நாற்பது வயசுக்காரி, வெள்ளைக் கோட்டில் ஒரு பையில் ஊசிப் பொட்டலம், இன்னொரு பையில் வறுத்த சூரியகாந்தி விதை. இதுவரை கை தவறான பைக்குள் போனதில்லை என்பது அவருடைய பெருமை. கணுக்காலுக்கு உள்பக்கம் நாலு விரல் மேலே ஒரு ஊசி, தொப்புளுக்குக் கீழே ஒன்று. ஏற்றிவிட்டு மெல்லத் திருகிக்கொண்டே, "வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லிங்க டாக்டர், இன்னும் நாலு நாள் இருக்கு," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஊசியே குலுங்கியது. அவர் கேட்டது ஊசியின் உணர்வை. கடுப்பு, மரப்பு, உப்பல், கனம் என்று நாலு இருக்கிறதாம். அதில் ஏதாவது ஒன்று வந்து சேர்ந்தால்தான் ஊசி சரியான இடத்தில் இறங்கியிருக்கிறது என்று கணக்கு. எனக்குக் கனம் வந்தது. காலுக்குள் யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல.

ஆறு முறை ஊசி போட்டானபோது என் வலி ஒன்பதிலிருந்து நாலுக்கு இறங்கியிருந்தது. பத்துக்கு எத்தனை என்று கேட்டுத்தான் எழுதுவார்கள். நாலு என்பது வலி இல்லாமல் போவதல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு முழுச் சுற்றையும் ஓட்டிவிடலாம், அவ்வளவுதான். எனக்கு அது போதும். அந்த மாதம் நான் எங்கேயும் ஓரம் கட்டவில்லை. டாக்டர் பான் அட்டையில் 'குறைந்தது' என்று எழுதினார். மொத்தம் பன்னிரண்டு முறை, அதன்பிறகும் மாதம் ஒரு முறை என்று திட்டம். ஆறோடு நின்றால் பழைய இடத்துக்கே போய்விடும் என்றும் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில்தான் நான் குணமாகிவிட்டேன்.

மூன்றாவது மாடியில் 'மதிப்பீட்டு வரவேற்பு அலுவலகம்' என்ற பலகையின் கீழ் நொங் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் மாகாணத்திலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது, மருத்துவமனைக்குத் தரம் உயர்த்தித் தரப்போகிறது. அதற்கான பிரிவுத் தலைவர் அவர். கண்ணாடிக் குவளையில் சிவப்புக் கோஜிப் பழங்கள் மிதந்தன. வெந்நீர்தான்.

"தலைவரே, எனக்கு இன்னும் குணமாகல."

"யார் சொன்னது?"

"நான்தான்."

"நீங்க டாக்டரா?"

"பஸ் டிரைவர்."

"பாத்தீங்களா." அவர் ஒரு மிடறு குடித்தார்.

"டாக்டர் பான்கூட குறைஞ்சிருக்குன்னுதானே எழுதியிருக்காங்க?"

"அந்தச் சொல்லு கம்ப்யூட்டர்ல இல்லம்மா. குணம், குணமில்ல, ரெண்டே கட்டம். சரி, உங்க வழிக்கே வரேன். ஒன்பதுல அஞ்சு போயிடுச்சு. அந்த அஞ்சு நம்ம மருத்துவமனையோட சாதனை. மீதி நாலு இருக்கே, அது யாரோடது? நான் எல்லாப் பிரிவுக்கும் கடிதம் போட்டுக் கேட்டுட்டேன். அந்த நாலுக்கு ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டேங்குறாங்க. பொறுப்பாளர் இல்லாத வலிய நான் எப்படிம்மா கம்ப்யூட்டர்ல ஏத்துறது?"

"என்னோடதுன்னு போட்டுக்குங்க."

"நோயாளிக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது."

நான் மறுபடி நோயாளியாக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் சந்தோஷமாகவே விளக்கினார். நோய் திரும்பிய படிவம் என்று ஒன்று இருக்கிறது. குணமாகித் தொண்ணூறு நாள் ஆன பிறகுதான் அதைக் கேட்க முடியும். அந்தத் தொண்ணூறு நாளும் நோய் இல்லாமல் இருந்ததாகத் தெருக் கமிட்டி சான்று தர வேண்டும்.

"தொண்ணூறு நாள் நோய் இல்லாம இருந்தா நான் ஏன் தலைவரே இங்க வரப்போறேன்?"

"அதேதான். இதுவரைக்கும் ஒருத்தர்கூட அந்தப் படிவத்தக் கேட்டு வந்ததில்ல. அந்த அளவுக்கு நம்ம சிகிச்சை நிக்குது."

பிறகு என் சீருடையை ஏற இறங்கப் பார்த்தார். உழைக்கும் பெண், பேசத் தெரிந்தவள், பல் வரிசையும் பரவாயில்லை என்று முடிவு செய்து என்னைக் 'குணமானோர் பிரதிநிதி' ஆக்கினார். மதிப்பீட்டு நாளன்று மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஒரு நன்றிக்கொடியும் கொண்டுவர வேண்டும். சிவப்பு வெல்வெட், பொன்னெழுத்து, கீழே மஞ்சள் குஞ்சம். கொடி ஒன்றுக்கு அரை மதிப்பெண்.

"குணமானவங்க கொடி தருவாங்க. நீங்க தரலைன்னா குணமாகலையோன்னு சந்தேகம் வரும்."

"அதத்தான் தலைவரே நான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நல்லாப் பேசுங்க. ஏழாவது ஊசியப் பத்தி அப்புறம் ஆராய்வோம்," என்றார். எங்கள் ஊரில் அதிகாரி ஆராய்வோம் என்றால் கதவை மெதுவாகச் சாத்துகிறார் என்று பொருள். ஆனால் எனக்கு வேறு கதவு இல்லை. ஒத்துக்கொண்டேன்.

ஒத்திகைக்குப் போனபோதுதான் தெரிந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் நாற்பத்தொரு பேர் குணமாகியிருந்தோம். எனக்கு அடுத்த நிமிடம் குணமானவர் லியாங் ஐயா, நத்தை நூடுல் கடை வைத்திருந்தவர். தோள்பட்டை இறுகி, வலது கை காதுக்கு மேல் ஏறாது. கொடியின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடிக்க வேண்டும் என்று நொங் ஏற்பாடு செய்தார். என் பக்கம் உயர்ந்தும் அவர் பக்கம் தாழ்ந்தும் ஒத்திகைக்குக் கொடுத்த வெற்றுக்கொடி சரிந்து நின்றது.

"லியாங் ஐயா, இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

"குணமான வரைக்கும் தூக்கிட்டேன் தம்பி. இதுக்கு மேல குணமாகல."

"அப்ப மோ அக்கா, நீங்க தாழ்த்துங்க. சமமா இருக்கணும். ரெண்டு பேரும் ஒரே அளவுக்குக் குணமாகியிருக்கணும்."

சிரிப்புப் பயிற்சி ஒன்றரை மணி நேரம் நடந்தது. மேல் வரிசையில் எட்டுப் பல் தெரிய வேண்டும், ஆறு தெரிந்தால் அலட்சியம், பத்து தெரிந்தால் பயமுறுத்துவது போல இருக்குமாம். ஆளுக்கொரு சாப்பாட்டுக் குச்சியைக் கடிக்கக் கொடுத்து எண்ணிப் பார்த்தார்கள். முகவாதத்துக்கு வந்தவருக்கு நாலு பல்தான் தெரிந்தது. அவரை இரண்டாம் வரிசையில், நல்ல பாதி தெரிகிற மாதிரி நிற்க வைத்தார்கள்.

கொடிக்கடை மருத்துவமனை வாசலுக்கு நேர் எதிரே. கடைக்காரர் வெய் இடது பக்கத்தில் நன்றிக்கொடி, வலது பக்கத்தில் சாவுக்கு வைக்கும் மலர்வளையம் வைத்திருந்தார். "எந்தப் பக்கமா வெளிய வந்தாலும் எங்கிட்டதான் வரணும்," என்பார். எனக்கு நேரில் போக நேரமில்லை. கடைசி நிறுத்தத்தில் கிடைத்த எட்டு நிமிடத்தில் ஃபோனில் சொன்னேன். எல்லாரும் போடுகிற வாசகம்தான்: 'ஊசி பட்டது, நோய் விட்டது.' பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார்.

எங்கள் மொழியில் ஒரே ஓசைக்குப் பத்து எழுத்து காத்துக்கொண்டிருக்கும். 'சூ' என்று தட்டினால் திரையில் வரிசையாக வந்து நிற்கும். நோய் விட்டது என்பதற்கும் ஒரு சூ, நோய் தொடங்கியது என்பதற்கும் ஒரு சூ. வெய்க்குக் கண்ணாடி மாற்றி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. மதிப்பீட்டு நாள் காலையில் அவர் சுருட்டிப் பையில் போட்டுக் கொடுத்ததை நான் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.

ஏனென்றால் அன்று காலை ஐந்தரைக்கே அது வந்துவிட்டது. மூன்று வாரமாக ஊசி இல்லை. ஒன்பது. சுவரைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் டாக்டர் பானைத் தேடினேன். அவரை அரங்கத்தின் ஓரத்தில் நிறுத்தி, கையில் நாலடி நீள மர ஊசி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். நிஜ ஊசி கடைசி வரிசைக்குத் தெரியாதாம். வெள்ளி வண்ணம் பூசிய அந்த உலக்கையைப் பிடித்துக்கொண்டு எரிச்சலோடு நின்றார்.

"எத்தன?" என்று என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"ஒன்பது."

"வா, போய்ப் போட்டுடலாம்."

நொங் குறுக்கே வந்தார். "டாக்டர், அவங்க குணமானவங்க. குணமானவங்களுக்கு ஊசி போட்டா பதிவுல தேவையில்லாத சிகிச்சைன்னு விழும். நம்ம மருத்துவமனைக்குக் கெட்ட பேரு. மோ அக்கா, கொஞ்சம் வெந்நீர் குடிங்க."

டாக்டர் பான் உலக்கையை இறுக்கிப் பிடித்தார். ஒரு நொடி அவர் என்ன செய்வாரோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதற்குள் இசை தொடங்கிவிட்டது.

குழுவில் ஐந்து பேர். தலைவி மாகாணத் தலைநகர் நான்னிங்கிலிருந்து வந்த, கன்னம் ஒட்டிய அம்மாள். சிவப்புத் துணி விரித்த மேசை, பெயர்ப்பலகைகள், மூடி போட்ட தேநீர்க் கோப்பைகள், ஆரஞ்சுப் பழங்கள். இயக்குநர் ஜோங் நாற்பது நிமிடம் பேசினார். 'மூன்று முன்னேற்றம், நான்கு உறுதி, ஐந்து உடனடி' என்றார். ஐந்து உடனடியில் நாலாவது, நோயாளியை உடனடியாகக் குணமானவராகக் கருதுதல். நான் மேடைக்குப் பின்னால் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். வயிற்றில் திருவிழா, தேரோட்டம், எல்லாம்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் எட்டுப் பல்லைக் காட்டினேன். எழுதிக் கொடுத்த தாளில் முதல் வரி, 'என் வலி இன்று பூஜ்யம்.' அந்த வரியை வாசிக்க வாய் வரவில்லை. பொய் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது, தாமதத்துக்கு வாரம் ஒரு காரணம் சொல்கிறவள்தான். ஆனால் பதினோரு வருடமாக என்னோடு இருக்கிற ஒன்றை, அது என்னைப் பிழிந்துகொண்டிருக்கிற நேரத்தில், இல்லை என்று சொல்ல முடியவில்லை. நான் நிற்பதைப் பார்த்த நொங் கொடியைப் பிரிக்கச் சொல்லிக் கை காட்டினார். நானும் லியாங் ஐயாவும் பிரித்தோம். அது சரிவாக விரிந்தது.

ஊசி பட்டது, நோய் தொடங்கியது.

பொன்னெழுத்து, ஒவ்வொன்றும் முழங்கை அகலம். கடைசி வரிசைக்கும் தெரிந்தது. லியாங் ஐயா கழுத்தை வளைத்துப் படித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "தைரியமாத்தான் எழுதியிருக்க," என்று முணுமுணுத்தார். நொங்கின் முகம் குவளையில் ஊறின கோஜிப் பழம் போல ஆனது.

இயக்குநர் ஜோங் சும்மா அந்த நாற்காலிக்கு வந்தவரல்ல. எழுந்து கைதட்டினார். அவர் தட்டியதால் நொங் தட்டினார். நொங் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

"மதிப்புக்குரிய குழுவினரே, இதைத்தான் கடைசியா சொல்லலாம்னு வெச்சிருந்தேன். ஊசி பட்டதும் நோய் விடுற மருத்துவமனை ஊருக்கு ஊர் இருக்கு. அதுல என்ன புதுமை? வந்த நோயப் பார்க்கிறவன் சின்ன மருத்துவன், வராத நோயப் பார்க்கிறவன் பெரிய மருத்துவன்னு முன்னோர் சொல்லியிருக்காங்க. அதனாலதான் நாங்க வந்த நோயாளிங்களச் சீக்கிரமா அனுப்பிட்டு, வராதவங்க மேல கவனம் செலுத்துறோம். எங்க ஊசி படும்போதுதான் நோயோட தொடக்கமே வெளிச்சத்துக்கு வருது. இதுதான் தெற்குக்கரைப் பாதை."

குழுத் தலைவி எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்பம்மா தொடங்குச்சு?"

"இன்னைக்குக் காலைல அஞ்சரைக்குங்க," என்றேன்.

"இன்னைக்கா? கொடிய எப்ப எழுதக் கொடுத்தீங்க?"

"போன வெள்ளிக்கிழமை."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொடங்குவதற்கு நாலு நாள் முன்பே தொடக்கத்தைக் கண்டுபிடித்த மருத்துவமனை என்று ஒருவர் வியந்து சொன்னார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டேன். நொங் பக்கத்தில் குனிந்து, "எட்டுப் பல்லு, எட்டுப் பல்லு," என்றார்.

உலக்கை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. டாக்டர் பான் என்னைத் தூக்கி நடத்திக்கொண்டுபோய் அந்தச் சிவப்பு மேசையில் படுக்க வைத்தார். பெயர்ப்பலகைகளைக் கையால் ஒதுக்கினார். ஆரஞ்சுகள் உருண்டன. இயக்குநர் "செய்முறை விளக்கம்," என்று மைக்கில் அறிவித்தார். டாக்டர் பான் சரியான பையில்தான் கை விட்டார். கணுக்காலில் ஒன்று, அடிவயிற்றில் ஒன்று.

"வந்துடுச்சா?"

நாற்பது குணமானவர்களும் ஐந்து மதிப்பீட்டாளர்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பதினோரு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் எனக்காகக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"வந்துடுச்சு டாக்டர். கனமா இருக்கு."

அரை மணி நேரம் அப்படியே கிடந்தேன். தலைவியின் தேநீர் என் காதருகே ஆறிக்கொண்டிருந்தது. ஒன்பது எட்டானது, ஏழானது, ஐந்தில் வந்து நின்றது. தலைவி படிவத்தைத் திறந்து, "குணமா?" என்று கேட்டார்.

"குறைஞ்சிருக்கு," என்றார் டாக்டர் பான்.

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"தெரியும்."

தலைவி கொடியைப் பார்த்து, 'தொடக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மருத்துவமனைக்குத் தரம் உயர்ந்தது. நான்காம் அறை வாசலில் 'நோய்த் தொடக்கப் பிரிவு' என்று புதுப் பலகை மாட்டினார்கள். உள்ளே அதே கட்டில், அதே டாக்டர் பான், அதே சூரியகாந்தி விதை. தொடக்கப் பிரிவில் இருக்கிறவர்களுக்கு நோய் தொடங்கிக்கொண்டே இருப்பதால் அவர்களைக் குணமானவர்கள் என்று பதிவு செய்ய விதி இடம் தராது. நான் ஒவ்வொரு முறை போகும்போதும் கம்ப்யூட்டர் என்னை முதல்முறை வருகிறவளாக வரவேற்கிறது. லியாங் ஐயாவும் தோளை அங்கேயே மாற்றிக்கொண்டார். எதிர்க்கடை வெய் பிழையான வாசகத்தையே அச்சாக வைத்துக்கொண்டார். சரியான எழுத்தோடு கேட்டால்தான் இப்போது தாமதமாகும்.

போன வாரம் பத்தொன்பதாவது முறையாக முதல்முறை போய்விட்டு வெளியே வந்தபோது வாசலில் நொங் பிடித்துக்கொண்டார். என் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஏறாததை, ஊசிக்கு முன்னும் பின்னும் எத்தனை என்று, டாக்டர் பான் பென்சிலால் அதன் பின்பக்கம் எழுதி வைக்கிறார். ஒன்பது, நாலு. எட்டு, நாலு. ஒன்பது, ஐந்து. ஏழு, மூன்று. வரிசையாக இருந்தது.

"என்னது இது?"

"பஸ் நேரம் தலைவரே."

அவர் விரல் வைத்துப் படித்தார். "ஒன்பதுக்குக் கிளம்பி நாலுக்குத்தான் போய்ச் சேருதா? ரொம்பத் தாமதமால்ல இருக்கு."

"ஆமா தலைவரே. ஆனா இப்பல்லாம் நடுவுல எங்கயும் நிக்கிறதில்ல," என்று அட்டையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.